பாட்டு எமக்காகவா, பார்க்க வருவோருக்காகவா?

இடம்பெயர்ந்த குடும்பமொன்று இழந்தவற்றைக் கணக்கெடுப்பதற்கு எத்தனையோ படிவங்கள் உண்டு. வீட்டில் எத்தனை அறைகள் இருந்தன, காணி எத்தனை பரப்பு, கிணறு கட்டப்பட்டதா, மாடு எத்தனை, நீர் இறைக்கும் இயந்திரம் இருந்ததா என்றெல்லாம் கிராம சேவையாளர் கேட்டு எழுதிக்கொள்வார். இவை கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் இந்தக் குடும்பம் ஊரில் யாரோடு சேர்ந்து பாடியது என்று கேட்கும் படிவத்தை நாம் இதுவரை கண்டதில்லை. அதற்கு நட்டஈடும் கிடையாது. இழந்ததாகவும் அது கணக்கில் வருவதில்லை.

எமது கமக்காரக் குடும்பங்களுக்குப் பாட்டு என்பது பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் இயந்திரம் வருமுன் துலா மிதித்தே தண்ணீர் இறைத்தார்கள். துலாவில் ஏறி நடப்பவர்களும் கீழே நின்று பட்டையைப் பிடிப்பவரும் ஒரே தாளத்தில் இயங்காவிட்டால் ஆபத்து. அந்தத் தாளத்தைக் கொடுத்தது பாட்டு. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அருவி வெட்டும்போதும், களத்தில் சூடு மிதிக்கும்போதும் பாட்டு இருந்தது. மார்கழியில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடி வீதி சுற்றிய ஊர்கள் பல. தவக்காலத்தில் எமது கத்தோலிக்க ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் இரவிரவாக ஓதப்பட்டது. இவற்றிலெல்லாம் நல்ல குரல் உள்ளவர் முன்னே பாடினார், மற்றவர்கள் பின்னே எடுத்தார்கள். கேட்பதற்கென்று மட்டும் வந்து அமர்ந்தவர்கள் மிகச் சிலரே.

ஊர் சிதறியபோது இந்தப் பாட்டுக் கூட்டமும் சிதறியது. அதை மீண்டும் கூட்ட முடியுமா, கூட்டினால் அதனால் என்ன பயன் என்பதையே இங்கு சிந்திக்க விரும்புகிறோம். இதற்குக் கொழும்பை, குறிப்பாகக் கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் எடுத்துக்கொள்கிறோம். வயலும் தோட்டமும் வைத்திருந்த மக்கள் வந்து ஒதுங்கிய இடங்களில் இவை முக்கியமானவை. அடுத்த வீட்டாரை அறியாமல் வாழும் நிலையும் இங்கேதான் அதிகம். வன்னியிலோ, புத்தளத்திலோ, வலிகாமத்தில் திரும்பக் கிடைத்த காணியிலோ இருக்கும் எமது வாசகர்களுக்கும் இதில் பாடம் உண்டு என நம்புகிறோம்.

தோட்டத்திலிருந்து தொடர்மாடிக்கு

கொட்டாஞ்சேனை துறைமுகத்தை அண்டிய பழைய பகுதி. புனித லூசியாள் பேராலயமும், சற்றுத் தள்ளிக் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலமும் அங்கே உள்ளன. பரதர், கொழும்புச் செட்டிமார், மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தோர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று பலரும் நெருங்கி வாழும் இடம் அது. வெள்ளவத்தை நகரின் தெற்கே, கடலுக்கும் கால்வாய்க்கும் இடையில் காலி வீதியின் இருமருங்கும் பரந்துள்ளது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் இல்லமும், இராமகிருஷ்ண மிஷனும், மயூரபதி அம்மன் கோவிலும், புனித லோறன்ஸ் ஆலயமும் அங்கே உள்ளன.

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. உயிர் தப்பியோர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் தஞ்சம் புகுந்தனர். பலர் கப்பலில் வடக்கே அனுப்பப்பட்டனர். ஆனால் வடக்கிலும் அமைதி நிலைக்கவில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் வலிகாமம் வடக்கின் தோட்டக்காரர் தங்கள் காணிகளை விட்டு வெளியேறினர். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே ஒட்டுமொத்தமாக எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. இவ்வாறு பெயர்ந்த மக்களில் ஒரு பகுதியினர் காலப்போக்கில் கொழும்பை வந்தடைந்தனர். வெளிநாடு செல்லும் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்க வந்தவர், வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுப் பணத்தில் வாடகை கொடுத்துப் பேரப்பிள்ளையைப் படிப்பிக்க வந்தவர் என்று பலவகை. சில வாரங்கள் என்று வந்தோர் பல ஆண்டுகள் தங்கினர். பலர் இன்றும் அங்கேயே உள்ளனர்.

அங்கே அவர்களுக்கு வீடு கிடைத்தது, அயல் கிடைக்கவில்லை. பொலிஸ் பதிவும், நள்ளிரவுச் சோதனையும், யார் எவரைப்பற்றி என்ன சொல்வாரோ என்ற அச்சமும் வாயைக் கட்டின. 2007 ஜூன் 7ஆம் திகதி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் அதிகாலையில் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு வவுனியா பக்கம் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆயினும் பக்கத்து அறையில் இருந்தவர் ஒரே இரவில் இல்லாமற் போனதைக் கண்டவர்கள் பக்கத்து அறையோடு பழகுவதை இன்னும் குறைத்துக்கொண்டார்கள். அறியாதவரோடு பேசாதிருப்பதே பாதுகாப்பு என்று மக்கள் பழகினர். போர் 2009 மே மாதம் முடிந்தது. அந்தப் பழக்கம் இன்னும் முடியவில்லை. ஒரே தொடர்மாடியில் பத்து ஆண்டுகள் இருந்தும் மேல்மாடியில் உள்ளவர் எந்த ஊர் என்று கேட்டறியாத குடும்பங்கள் உள்ளன.

இவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது ஓரிடத்தில் கூடுவது கோவிலில்தான். கூடும் மக்கள் அங்கே ஒன்றாகிறார்களா என்பதே எமது கேள்வி.

கோவிலில் யார் பாடுகிறார்கள்?

இன்றைய நகரப் பங்குகளில் பாட்டு பெரும்பாலும் பாடகர் குழாத்தின் கையில் உள்ளது. பத்துப் பதினைந்து இளையோர், ஒரு கீபோட், நான்கு ஒலிவாங்கிகள். சனிக்கிழமை பயிற்சி, ஞாயிறு பாட்டு. அவர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒலிபெருக்கி உயர உயர, வாங்கில் இருப்பவர்களின் குரல் தாழ்ந்து கொண்டே போகிறது. தாளத்தை இயந்திரம் கொடுக்கிறது. அது வயது போனவருக்காக வேகத்தைக் குறைப்பதில்லை. மக்கள் பாட்டைக் கேட்கிறார்கள், திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குப் போகிறார்கள்.

இதில் அதிகம் பாதிக்கப்படுவோர் ஊரிலிருந்து வந்தவர்களே. ஒரே பாடலை ஊருக்கு ஊர் வேறு மெட்டிலும் வேறு இழுப்பிலும் பாடுவது எமது வழக்கம். மன்னாரிலிருந்து வந்த அம்மாவும், இளவாலையிலிருந்து வந்த ஐயாவும், மலையகத்திலிருந்து வந்த தம்பியும் ஒரே வாங்கில் அமர்ந்து மூன்று மெட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கிறார்கள். பிழைத்துப் போகுமோ, திரும்பிப் பார்ப்பார்களோ என்ற கூச்சம் ஒருபுறம். ஊரில் முன்னின்று பாடியவர் நகரத்தில் பின்வாங்கில் வாய் திறவாமல் இருக்கும்போது, அவர் ஊரில் யாராக இருந்தார் என்பதும் மற்றவர்களுக்குத் தெரியாமலே போகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை போன்ற இடங்களில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று வழிபாடு தனித்தனி நேரங்களில் நடைபெறுகிறது. அவரவர் மொழியில் செபிப்பது அவரவர் உரிமை. அதை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் ஒரே கூரையின் கீழ் பாடும் குழாங்கள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் சேர்ந்து பாடாவிட்டால், ஒரு கோவிலுக்குள் பல கோவில்கள் இருப்பது போலாகிவிடும்.

பாபிலோனில் கேட்கப்பட்ட பாட்டு

நாடு கடத்தப்பட்டவர்களின் பாட்டைப்பற்றி வேதாகமத்தில் 137ஆம் திருப்பாடல் பேசுகிறது. பாபிலோனில் இருந்த இஸ்ராயேலரிடம், சிறைப்பிடித்தவர்கள் சீயோனின் பாடல்களில் ஒன்றைப் பாடிக் காட்டும்படி கேட்கிறார்கள். அவர்கள் மறுத்து யாழ்களை மரங்களில் தொங்கவிட்டு விடுகிறார்கள். துயரத்தில் இருப்பவனுக்குப் பாட்டு வராது என்று சொல்லவே பலர் இப்பகுதியை எடுத்துக்காட்டுவர். நாம் இதை வேறுவிதமாக வாசிக்கிறோம். அவர்கள் பாடுவதையே கைவிட்டிருந்தால் அந்தத் திருப்பாடல் எமக்குக் கிடைத்திருக்காது. அவர்கள் மறுத்தது, தம்மை வைத்து மகிழ விரும்பியவர்களுக்கு முன்னால் வேடிக்கைக்காகப் பாடுவதை. தமக்குள்ளே அவர்கள் பாடினார்கள். தம் ஊரை மறவாதிருக்கப் பாடினார்கள்.

இந்த வேறுபாடு எமக்கு மிகத் தேவையானது. நலன்புரி நிலையங்களில் இருந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு நினைவிருக்கும். வெளிநாட்டு நிறுவனத்தினரோ, அரசியல்வாதியோ, சில வேளைகளில் திருச்சபைப் பெரியோர்களோ வருகிறார்கள் என்றால் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிறுத்தப்படுவார்கள். வரவேற்புப் பாட்டு, மாலை, புகைப்படம். வந்தவர் போனதும் பாட்டும் போய்விடும். அடுத்த விருந்தினர் வரும்வரை அந்தப் பிள்ளைகளைப் பாட அழைப்பார் இல்லை. பார்க்க வருவோருக்காகப் பாடும் பாட்டு வருவோரின் கணக்கில் சேரும். எமக்காகப் பாடும் பாட்டே எம்மிடம் தங்கும். பாடகர் குழாம் தொடங்க விரும்பும் எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இது யாருக்காக என்பதுதான்.

எம்மிடம் இருந்த வழக்கம்

கூடிப் பாடுவது வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய புதுமை அல்ல. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1705ஆம் ஆண்டு கோவாவிலிருந்து யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழிகளிலும் மக்கள் ஓதவும் பாடவும் கூடிய நூல்களை எழுதினார். வியாகுலப் பிரசங்கம் அவர் பெயரால் வழங்கி வருகிறது. சிங்களக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் பாடும் ‘பசன்’ மரபும் அவரோடு தொடர்புபட்டதே. 1742இல் அவர் இறந்தார். குருவானவர் அரிதாகவே வரக்கூடிய அக்காலத்தில் அண்ணாவியாரும் மூப்பரும் மக்களைக் கூட்டிச் செபத்தை நடத்தினார்கள். ஒலிபெருக்கியோ வாத்தியமோ இல்லாமல், ஒருவர் ஓத மற்றவர் ஏற்று ஓதும் முறையிலேயே விசுவாசம் காக்கப்பட்டது. இன்று தமிழ்த் திருப்பலியில் ஒப்பாரி ஓதும் பாட்டியும், சிங்களத் திருப்பலியில் பசன் பாடும் பாட்டியும் ஒரே குருவானவரின் பிள்ளைகள் என்பதைக் கொட்டாஞ்சேனையில் எத்தனை பேர் அறிவார்கள்?

புரட்டஸ்தாந்து சபைகளிலும் இப்படியே. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து கீர்த்தனைகள் மக்கள் சேர்ந்து பாடும் பாடல்களாக வளர்ந்தன. கத்தோலிக்கத் திருச்சபையில் 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. மக்கள் பார்வையாளராக இராமல் பங்கெடுப்பவராக இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். 1965இல் யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கி, 2021இல் இறைவனடி சேர்ந்த மரியசேவியர் அடிகளார், திருப்பாடுகளின் காட்சிகளைப் பெருந்தொகையான மக்களைச் சேர்த்தே மேடையேற்றினார். போர்க்காலத்திலும் அப்பணி நிற்கவில்லை. இத்தனை வளமான மரபுள்ள நாம் இன்று நான்கு ஒலிவாங்கிகளிடம் பாட்டை ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

வயிற்றுக்கு வழியில்லாதபோது பாட்டா?

இக்கேள்வியை எமது வாசகர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். வலிகாமம் வடக்கில் ஒரு பகுதிக் காணி இன்னும் படையினர் வசமே உள்ளது. காணி திரும்பக் கிடைத்தவர்களுக்கும் கிணறு தூர்ந்து, வேலி போய், வளவு காடாகிக் கிடந்தது. இந்த நிலையில் பாட்டுக் கூட்டம் தேவையா?

காணிக்குப் பதிலாகப் பாட்டு என்று யாராவது சொன்னால் அவரை நம்ப வேண்டாம். காணிக்கும் வீட்டுக்கும் நீருக்கும் மாற்று எதுவுமில்லை. ஆனால் காணியைக் கேட்பதற்கும், கிணற்றைத் துப்புரவாக்குவதற்கும், சேமிப்புக் குழு நடத்துவதற்கும், ஒருவரையொருவர் நம்பும் ஆட்கள் வேண்டும். முல்லைத்தீவில் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்பு மக்கள் 2017இல் ஏறத்தாழ ஒரு மாதம் இரவும் பகலும் வீதியோரத்தில் அமர்ந்திருந்து, மார்ச் 1ஆம் திகதி தங்கள் காணியைப் பெற்றார்கள். பனியிலும் வெயிலிலும் ஒன்றாக இருக்கத் தெரிந்த மக்களுக்கே அது இயலும். அத்தகைய ஒற்றுமை படிவம் நிரப்புவதால் வருவதில்லை. வாராவாரம் ஓரிடத்தில் கூடிப் பழகுவதால் வருகிறது. கூடுவதற்கு மிகச் செலவு குறைந்த காரணம் பாட்டு.

இது எமது விருப்பம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புதிதாகத் தொடங்கப்பட்ட வகுப்புகளில் சேர்ந்த வளர்ந்தோரை ஏழு மாதங்கள் கவனித்திருந்தார்கள். சிலர் பாட்டு வகுப்பில், மற்றவர்கள் கைவேலை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் இருந்தனர். ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பினரும் தங்களுக்குள் நெருங்கியிருந்தார்கள். ஆனால் பாடியவர்கள் தொடக்கத்திலேயே விரைவாக நெருங்கிவிட்டார்கள். சேர்ந்து பாடுவோரின் மூச்சு ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால் இதயத்துடிப்பும் ஒத்து நடக்கிறது என்று சுவீடன் நாட்டு ஆய்வொன்று 2013இல் காட்டியது. துலா மிதித்த எமது பாட்டன்மார் இதை ஆய்வு இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

இன்னும் கடுமையான நிலையிலும் இது நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் சுமாத்திராவின் பலெம்பாங் என்னுமிடத்தில் ஒல்லாந்து, பிரித்தானிய, அவுஸ்திரேலியப் பெண்களை முகாமில் அடைத்து வைத்தனர். பசியும் நோயும் நிறைந்த இடம். வாத்தியம் இல்லை, இசைப் புத்தகம் இல்லை, எல்லோருக்கும் பொதுவான மொழியும் இல்லை. மார்கிரட் டிறைபேர்க் என்ற மிஷனரிப் பெண்மணியும் நோரா சேம்பர்ஸ் என்பவரும் பெரும் வாத்திய இசைகளை நினைவிலிருந்து எழுதி, சொற்கள் இல்லாமல் குரலால் மட்டும் பாடும்படி முப்பது பேரளவில் பழக்கினார்கள். 1943 டிசம்பர் 27ஆம் திகதி அவர்கள் முதன்முறை பாடியபோது கேட்டவர்கள் சக கைதிகளே. பின்னர் பாடியவர்களில் பலர் பசியாலும் நோயாலும் இறந்துபோனதால் பாட்டு நின்றது. டிறைபேர்க் அம்மையாரும் 1945இல் இறந்தார். பாட்டு அவர்களுக்குச் சோறு போடவில்லை, நோயையும் தடுக்கவில்லை. ஆனால் மொழி விளங்காத பெண்கள் ஒருவருக்கொருவர் அந்நியர் அல்லாதவர் ஆனார்கள்.

பிரிக்கும் பாட்டும் உண்டு

பாட்டு எப்போதும் நன்மையே செய்யும் என்று நாம் சொல்லவில்லை. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்று புனித லூசியாள் ஆலயப் பக்கமாக வந்தபோது கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் கலவரம் மூண்டது. ஒருவரின் மேளமும் பாட்டும் மற்றவருக்குச் சவாலாகக் கேட்ட நாள் அது. எமது போர்க்காலத்திலும் பாட்டு இளையோரைப் போருக்கு அழைக்கப் பயன்பட்டது. இரு தரப்பிலும் பயன்பட்டது. கூடிப் பாடும் கூட்டத்துக்கு வலிமை உண்டு. அந்த வலிமையை யாரும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதை மறக்கக் கூடாது.

தேசிய கீதத்தின் கதையும் நினைவில் கொள்ளத்தக்கது. பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கம் செய்த தேசிய கீதம், 2016 பெப்ரவரி 4ஆம் திகதி காலிமுகத்திடலில் சுதந்திர தின விழாவில் பாடப்பட்டது. பல ஆண்டுகளின் பின் நிகழ்ந்த அதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. 2020 சுதந்திர தின விழாவில் அது கைவிடப்பட்டது. மேலிருந்து தரப்படும் பாட்டை மேலிருந்தே எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பத்துக் குடும்பங்கள் தங்களுக்குள் கூடிப் பாடுவதை எவரும் அப்படி எடுத்துவிட முடியாது.

2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் வழிபட வந்தோர் குண்டுக்குப் பலியானார்கள். கொச்சிக்கடைத் திருத்தலம் அதே ஆண்டு ஜூன் 12ஆம் திகதி, புனித அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள், மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடத்தை ஏழு வாரங்களில் திருத்த முடிந்தது. அயலவரான முஸ்லிம் குடும்பங்களோடு பழைய பேச்சு வார்த்தை அவ்வளவு விரைவில் திரும்பவில்லை. வெசாக் காலத்தில் பக்தி கீதம் பாடும் சிங்களப் பிள்ளைகளும், டிசம்பரில் ஒளிவிழாப் பாட்டுப் பாடும் தமிழ்ப் பிள்ளைகளும், நபிகள் பிறந்த தினத்தில் கஸீதா ஓதும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். ஒருவர் பாடுவதை மற்றவர் மரியாதையோடு இருந்து கேட்பதே அங்கே முதற்படி.

என்ன செய்யலாம்?

முதலாவது, சிறிதாகத் தொடங்குவோம். பத்துப் பதினைந்து பேர் போதும். ஒரு தொடர்மாடி, ஒரு ஒழுங்கை, ஒரு மீள்குடியேற்றக் கிராமம் எதுவாயினும் சரி. நாளும் நேரமும் மாறக் கூடாது. ஞாயிறு மாலை ஐந்து மணி என்றால் மழை வந்தாலும் அதுதான்.

இரண்டாவது, குரல் சோதனை வேண்டாம். முன்பாட்டுக்கு ஒருவர், பின்பாட்டுக்கு எல்லோரும் என்ற எமது பழைய முறையே சிறந்தது. சுருதி சேராதவருக்குச் சல்லாரியைக் கொடுங்கள், பாட்டுக் கொப்பியைக் காக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அவர் கூட்டத்துக்கு உரியவர் என்பதே முக்கியம். சிறிய அறையில் ஒலிவாங்கி தேவையே இல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பம் தன் ஊர்ப் பாட்டொன்றைக் கொண்டு வரட்டும். கோவில் பாட்டாகவும் இருக்கலாம், அருவி வெட்டுப் பாட்டாகவும், தாலாட்டாகவும் இருக்கலாம். அதன் மெட்டை மற்றவர்கள் கற்கட்டும். எந்த ஊர் மெட்டும் ‘பிழையான மெட்டு’ அல்ல. முதியோர் பாடுவதைக் கைத்தொலைபேசியில் பதிந்து, சொற்களைக் கொப்பியில் எழுதி, யாரிடம் கேட்டோம் என்பதையும் குறித்து வையுங்கள். இப்பாடல்களை முழுமையாக அறிந்தவர்கள் எழுபது எண்பது வயதினர். இதற்கு நீண்ட அவகாசம் இல்லை.

நான்காவது, ஊரில் இருந்த வேலிகளை இங்கே மீண்டும் போட வேண்டாம். ஊரில் எல்லோரும் எல்லோரோடும் சேர்ந்து பாடினோம் என்பது முழு உண்மையல்ல. சாதி பார்த்துக் கூத்துக்குச் சேர்க்காத ஊர்களும், கோவில் வாசலுக்கு வெளியே சிலரை நிறுத்திய ஊர்களும் எம்மிடம் இருந்தன. இடம்பெயர்வு எம்மை ஒரே வரிசையில் தண்ணீருக்கு நிறுத்தியது. ஒரே வரிசையில் நின்றவர்கள் ஒரே வட்டத்தில் அமர்ந்து பாடுவதற்குத் தடை இருக்க முடியாது. சைவக் குடும்பம் வந்தால் தேவாரம் ஒன்றையும் கேட்போம்.

ஐந்தாவது, வராதவரைத் தேடிப் போவோம். பாட்டுக் கூட்டத்தின் மிகப் பெரிய பயன் இதுதான். ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால், காய்ச்சலா, கடன் தொல்லையா, பிள்ளையைப்பற்றிச் செய்தி வந்ததா என்று கேட்டு இருவர் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். ஊரில் இதை அயல் செய்தது. நகரத்தில் யாராவது பொறுப்பேற்காவிட்டால் அது நடக்காது.

பங்குத்தந்தையரிடமும் போதகர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஒலிவாங்கியை நிறுத்தி, மக்கள் அறிந்த பழைய பாடல்களை மக்களே பாட விடுங்கள். பாடகர் குழாத்துப் பிள்ளைகள் அன்று வாங்குகளுக்கிடையே பரந்து அமர்ந்து முதியோருக்குத் துணை நிற்கட்டும். தொடக்கத்தில் பாட்டு இழுபடும், இடையில் நிற்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருநாளில் தமிழ், சிங்களக் குழாங்கள் சேர்ந்து பாட ஒரு பாட்டாவது இருக்கட்டும். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தையும் பசனையும் ஒரே மாலையில் கேட்க வழி செய்யுங்கள். பிள்ளைகளை விருந்தினருக்காக வெயிலில் நிறுத்திப் பாட வைப்பதை நிறுத்துங்கள். வருபவர்கள் விரும்பினால் பாட்டு வட்டத்தில் வந்து அமர்ந்து தாமும் பாடட்டும்.

எமது மக்கள் வீட்டையும் வயலையும் கட்டியெழுப்ப இன்னும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்புக்கு அயலவர் தேவை. ஊர் எம்மைத் தேடி வரும்வரை காத்திராமல், இருக்கும் இடத்தில், இருக்கும் மனிதரோடு, இந்த வாரமே கூடிப் பாடத் தொடங்குவோமாக.